பாம்புக்காதரும் சிஸ்டரின் காரும்

பட்டறைத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். காதின் கூர்மைக்காகத் தெருவே வைத்த பெயரான பாம்புக்காதர் என்றால்தான் கை நீட்டி வழி காட்டுவார்கள். வண்டியில் எங்கே சத்தம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள், அதிலும் பின்பக்கச் சத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். முன்னால் வரும் சத்தத்தை எந்தக் கழுதையும் கண்டுபிடித்துவிடும், பின்னால் வருவதுதான் ஆளை ஏய்க்கும் என்பார். இடது சக்கரத்தில் பிறந்த சத்தம் தகரத்தின் வழியாக ஓடிப்போய் வலது பக்கம் தலை காட்டும். டிக்கியில் உருளும் ஒரு ஸ்பேனர், நாலு மெக்கானிக்குகளை முட்டாளாக்கிவிடும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, பழைய செருப்பு வரை டிக்கியைக் காலி செய்வார். பின் சீட்டைக் கழற்றி வெளியே வைப்பார். வெறும் தகரத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, வண்டியின் சொந்தக்காரரையே ஓட்டச் சொல்வார். கிடங்குத் தெருவின் நீண்ட மதிலை ஒட்டிப் போக வேண்டும், அப்போதுதான் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரும். யாரும் மூச்சுவிடக் கூடாது. காதால் கேட்காமல் ஒரு போல்ட்டைத் தொடுவதும் குருட்டு வேலை என்பது அவர் கட்சி. ஜாக்கியை முதலில் தூக்குகிற மெக்கானிக்குகளை அவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. கூட வேலை பார்த்த மைத்துனன், அதாவது அவர் மனைவியின் தம்பி, அந்தப் பேச்சை வாங்கி வாங்கியே பெரியவன் ஆனவன். "உனக்கெல்லாம் காது எதுக்குடா? மூக்குக்கண்ணாடி மாட்டவா?" என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கேட்பார். அவனும் சிரித்து வைப்பான்.

அப்பேர்ப்பட்ட காதுதான் காலை வாரிவிட்டது. போன வருஷம் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, "போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, கையில எடுத்தா தேஞ்சா போயிடும்?" என்று மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். போன் அவர் பக்கத்திலேயே கிடந்தது. வெளிச்சம் போட்டுக்கொண்டு, சத்தமே இல்லாமல். ஏதோ யோசனையில் இருந்ததாகச் சொல்லிச் சமாளித்தார். ஆனால் அன்றைக்கே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் சுத்தியலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கிடந்ததற்குக் கிடைத்த கூலி. டமார், தடார் எல்லாம் கேட்டது. மெல்லிய சத்தங்கள்தான் கூண்டோடு போய்விட்டன. யாரிடமும் அவர் மூச்சுவிடவில்லை. நல்லவேளையாக அதற்குப் பிறகும் அவர் பார்த்துக் கொடுத்த வண்டிகள் எதுவும் திரும்பி வரவில்லை. பழக்கத்தில் கை காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது சிஸ்டரின் கார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு தேடிப்போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ் அவள். ஊருக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாத ரோடுகளில் தனியாகப் போய் வருபவள். காரோ ஏற்கெனவே மூன்று பேர் ஓட்டிக் களைத்தது.

"அண்ணே, பின்னாடி குருவி கத்துற மாதிரி ஒரு கீச்சுச் சத்தம். கிளம்பின உடனே இல்ல, ரொம்ப தூரம் ஓடி சூடானப்புறம்தான் வருது."

வண்டி சூடாகத்தான் வந்து நின்றிருந்தது. வழக்கம்போல சீட்டைக் கழற்றிப் போட்டுப் படுத்தார். மதிலை ஒட்டிப் போனார்கள். இடது பக்கம் ஒடிக்கச் சொன்னார், வலது பக்கம் ஒடிக்கச் சொன்னார். தரைத் தகரம் அதிர்ந்ததுதான் மிச்சம். பட்டறைக்கு வந்து, சாப்பிட்டு முடித்து, ஆறிப்போன சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி சுற்றின. ஷாக் அப்சார்பரில் ஒரு ரப்பர் நைந்திருந்தது. அதை மாற்றினார்.

"இதுதான் உங்க குருவி. பறந்துபோச்சு, போங்க."

"கழுவிட்டுத் தரேன் சிஸ்டர்," என்று மைத்துனன் சாவிக்குக் கை நீட்டினான். யாரோ ஒரு பெரியவருக்கு ஊசி போட நேரமாகிவிட்டது என்று அவள் கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரமே வந்து நின்றாள். "குருவி திரும்பி வந்துடுச்சுண்ணே. இப்ப குடும்பத்தோட வந்திருக்கு போல."

அவர் சிரிக்கவில்லை. 'டேய், நீ படுத்துக் கேளுடா' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. பக்கத்திலேயே மைத்துனன் நின்றான், இரண்டு காதும் குத்துக்கல் மாதிரி இருந்தன. எத்தனை பேர் முன்னால் அந்தக் காதுகளைக் கேலி செய்திருக்கிறோம் என்று நினைத்ததும் வார்த்தை உள்ளேயே இறங்கிவிட்டது. புகைக்குழாயின் கொக்கிகளை மாற்றினார். ஸ்பிரிங் புஷ்களை மாற்றினார். அன்றைக்கும் சிஸ்டருக்கு அவசரம்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. யாருமில்லாத ரோட்டில், வேகமாகப் போகும்போது பின் சக்கரம் கழன்று ஓடுவது கண்ணுக்குள்ளேயே நின்றது. "உடம்புக்கு என்னங்க?" என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்த நிமிஷம் அவளிடம் சொல்லியிருக்கலாம். அழுதுகூட இருக்கலாம். அந்த மனுஷருக்கு வீம்புதான் பெரிதாகப் போய்விட்டது.

மூன்றாவது தடவை சிஸ்டர் வந்தபோது அவள் முகமே சரியில்லை. எதையோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விட்டால்தானே?

"ஒரு வார்த்தை பேசாதீங்க சிஸ்டர். இன்னிக்கு விடமாட்டேன். ஏறுங்க, ஓட்டுங்க."

படுத்தார். கன்னம் தகரத்தில் சுட்டது. மதில் முழுதும் ஓடி முடிந்தது, திரும்பி வந்தார்கள், மறுபடி போனார்கள். ஒன்றுமில்லை. பஞ்சை அடைத்த மாதிரி ஒன்றுமில்லை. மூன்றாவது தடவையும் கேட்கவில்லை என்றால் பாம்புக்காதர் என்று எவன் கூப்பிடுவான்? கீச்சென்று கத்துவது பேரிங்காகத்தான் இருக்கும், வேறு எதுவும் மிச்சமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டார்.

"கேக்குது! இடது பக்கம். பேரிங்!"

வண்டி சட்டென்று வேகம் குறைந்தது. "கேக்குதாண்ணே?"

"நல்லாவே கேக்குது சிஸ்டர். நறநறன்னு."

பட்டறை வந்ததும் அவள் வண்டியை நிறுத்தி இறங்கினாள். சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தே போனாள்.

இடது சக்கரத்தைக் கழற்றி, நடு மூடியைத் தட்டி எடுத்தார். உள்ளே கிரீஸ் தேன் நிறத்தில் பளபளத்தது. ஒரு துளி அழுக்கில்லை. துடைத்துவிட்டுப் பேரிங்கை வெளியே எடுத்தார். நேற்றுத்தான் டப்பாவிலிருந்து பிரித்த மாதிரி புத்தம் புதிது. வலது பக்கத்தையும் கழற்றினார். அதுவும் புதிது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இல்லாத சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார், அதுவும் நறநறவென்று. பின்னால் மைத்துனன் நிற்பது நிழலில் தெரிந்தது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

வெயில் தாழ்ந்ததும் சிஸ்டர் வந்தாள். அவர் பேரிங்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"முந்தாநாள் ரோட்டுல கத்துன கத்துல பயந்துட்டேண்ணே. அங்கயே ஒரு மெக்கானிக் ரெண்டு பக்கப் பேரிங்கையும் மாத்திக் குடுத்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க..."

"அப்புறம் ஏன் சிஸ்டர் வண்டிய விட்டுட்டுப் போனீங்க?"

"உங்க முகத்தைப் பார்த்துட்டு எப்படிண்ணே சொல்றது?" அவள் பேரிங்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எங்க டாக்டர் ஒருத்தர் இருக்கார். காதுக்கு. ஒருதடவை காட்டுங்கண்ணே, நானே கூட்டிட்டுப் போறேன்."

"எனக்குக் காது போச்சு சிஸ்டர்," என்றார். ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் நெஞ்சு லேசாகும் என்பதெல்லாம் சும்மா. ஒன்றும் லேசாகவில்லை. அவள் போன பிறகும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மைத்துனன் எதிரே வந்து குந்தினான். கொஞ்சம் உரக்கவே பேசினான். "அத்தான், கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"எங்களுக்குன்னா?"

"எனக்கும் அக்காவுக்கும். போன வருஷமே. நீங்க முடிச்ச வண்டிய எல்லாம் கழுவித் தரேன்னு எடுத்துட்டுப் போவேன்ல? பக்கத்து டயர் கடைக்காரரை ஓட்டச் சொல்லிட்டு நானும் படுத்துக் கேப்பேன். விட்டுப்போனதைச் சரி பண்ணிட்டுதான் குடுப்பேன். அக்காதான் அப்படிச் செய்யச் சொல்லுச்சு. சிஸ்டர் ரெண்டு தடவையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாங்க, என்ன பண்றது?"

"அப்போ டயர் கடைக்காரனுக்கும் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும் அத்தான்."

தெருவுக்கே தெரிந்துதான் பாம்புக்காதரே, பாம்புக்காதரே என்று கூப்பிட்டிருக்கிறார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். முகத்துக்கு நேரே சிரித்திருந்தால் சண்டைக்காவது போயிருப்பார். இப்போது யார்மேல் கோபப்படுவது? ஒரு வருஷமாக வாங்கிய பாராட்டையெல்லாம் யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

"இந்த ஒரு வருஷத்துல நானா கண்டுபிடிச்சது ஒண்ணாவது இருக்காடா?"

டக்கென்று ஒரு பொய் சொல்லத் தெரியாதவன் மைத்துனன். கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"அந்த மணல் லாரி அத்தான்! பின்னாடி ஸ்பிரிங் பட்டை உடைஞ்சிருந்துச்சே. அதை நீங்கதான் சொன்னீங்க."

மணல் லாரி அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, உடைந்த பட்டை ரோட்டில் உராய்ந்து பொறி பறக்கத்தான் அது வந்து நின்றது. இறங்கும்போதே, பட்டை உடைஞ்சுபோச்சு என்று சொல்லிக்கொண்டுதான் டிரைவர் இறங்கினான்.

"ஆமாண்டா," என்றார். "அது நான் சொன்னதுதான்."