மேடம் கொடுத்த எண்

என் கணவர் பட்டு நெய்பவர். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே தறி. நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். கல்யாணமான நாளிலிருந்து இவர் என்னிடம் கேட்ட ஒரே கணக்கு, கேஸ் சிலிண்டர் எப்போது தீரும் என்பதுதான்.

போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. தன் சேலைக் கரையில் 142857 என்ற எண் வேண்டும் என்றார். எழுத்தாக இல்லை, ஜரிகைக் கோடுகளாக. விளிம்பில் ஒரு கோடு, கொஞ்சம் இடைவெளி, பிறகு நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு.

அன்றிலிருந்து வீட்டில் அந்த எண்தான். சாப்பிடும்போதும் போனை நீட்டுவார்.

"ரெண்டால பெருக்கிப் பாருமா. 285714. அதே நம்பரு, வரிசைகூட மாறாம சுத்திக்கினு வருது! மூணால பெருக்கினா 428571. ஆறு வரைக்கும் இப்படித்தான். மேடம் சொன்னாங்க."

ரசத்தில் உப்பு இருக்கிறதா என்பதையும் இனி மேடம்தான் சொல்ல வேண்டும் போலிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த எண்ணை நான் படிக்கும்போதே பார்த்தவள். சொல்ல, இவர் காது கொடுத்தால்தானே? ஏழால் பெருக்கினால் 999999. ஆட்டம் அங்கே முடிந்துவிடும். அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஒரு முழம் நெய்ததும் பார்க்கக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலையின் இரண்டு கரைகளும் கண்ணாடியில் தெரிவது போல ஒன்றுக்கொன்று திரும்பி இருப்பது இங்கே வழக்கம். கைப்பழக்கத்தில் இதிலும் அப்படியே நூலைக் கோத்திருந்தார். இடது கரையில் 142857. வலது கரையை அதே திசையில் படித்தால் 758241.

"இது உங்க மேடம் நம்பர் இல்லீங்க. ரெண்டால பெருக்குங்க."

பெருக்கினார். 1516482. எதுவும் சுற்றவில்லை. அவர் முகம் தொங்கிப்போனது. முதலில் எனக்கு உள்ளே குளிர்ந்தது. யாருக்காக இப்படித் தொங்குகிறது என்று யோசித்ததும் மறுபடி எரிந்தது. ஆனாலும் நூல் கோத்ததிலிருந்து ஆன ஒரு மாத வேலை பாழாவதைப் பார்க்க முடியவில்லை.

"விளிம்புலேர்ந்து உள்ள எண்ணச் சொல்லுங்க. ரெண்டு கரையிலும் அதே நம்பர்தான் வரும்."

மேடத்துக்குப் போன் போட்டார். பாதியிலேயே தடுமாறி, "எங்க வீட்ல சொல்றாங்க மேடம், மேத்ஸ் படிச்சவங்க" என்று போனை என்னிடம் தள்ளினார்.

விளிம்புக் கணக்கைச் சொன்னதும் மேடம் உடனே ஒத்துக்கொண்டார். "அது ஏன் சுத்துதுன்னு தெரியுமா?" என்றார்.

"ஒண்ணை ஏழால வகுத்தா புள்ளிக்கு அப்புறம் திரும்பத் திரும்ப வர்றதுதானே மேடம்?"

அவ்வளவுதான். பேச்சு பதினேழால் வகுத்தால் வரும் பதினாறு இலக்கத்துக்குப் போனது. அதுவும் இப்படியே சுற்றும். இருவரும் சிரித்துக்கொண்டே பேசினோம்.

இவர் தறியில் உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை. "இன்னா பேசிக்கினு இருக்கீங்க? ஏழு எங்கேர்ந்து வந்துது? மேடம் எனக்கு அதை சொல்லவே இல்லியே" என்றார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதமாக என் தொண்டையில் இருந்த குரல்.

"உங்களுக்குப் புரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, போனோடு வாசலுக்குப் போனேன்.