ஏரிக்குள் போன காரும் கிளட்ச் அக்காவும்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் கிளட்ச் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள். "அரை கிளட்ச், அரை கிளட்ச்" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஐம்பத்துமூன்று வயது. ஆள் குட்டை. சீட்டில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தால்தான் ரோடு முழுசாகத் தெரியும். குரல் மட்டும் அடுத்த தெரு வரை கேட்கும்.

டிரைவிங் ஸ்கூல் அவள் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்த மறு வாரம், குடும்பம் முன்னறையில் கூடியது. வீட்டுக்காரரின் அண்ணன், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிற மனிதர், ஸ்கூலை மூடிவிடலாம் என்று முடிவே செய்துகொண்டு வந்திருந்தார். அவரைவிட வேகமாக இருந்தது நாத்தனார்தான்.

"அண்ணி, கண்ட ஆம்பளைங்க பக்கத்துல உட்கார்ந்து நீங்க கியர் போடச் சொல்லிக் குடுப்பீங்களா? நாங்க வெளிய தலைகாட்ட வேண்டாமா?"

கிளட்ச் அக்கா எல்லோரும் பேசி முடிக்கும் வரை கேட்டாள். அப்புறம் ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தாள். "எட்டு மணி கிளாஸுக்கு ஆள் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்குப் பிடித்த ஸ்டியரிங்கை அவள் விடவில்லை. நாத்தனாரும் விடவில்லை. கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே பார்த்தாலும், "இன்னும் அந்தப் பொழப்புதானா அண்ணி?" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேட்பாள்.

ஸ்கூல் காரில் கிளட்ச் அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் அவள் மிதிப்பாள். அந்த ரெண்டாவது பிரேக் இல்லாத வண்டியில் பாடம் எடுப்பதில்லை என்று வைத்திருந்தாள். சேர்மன் வீட்டுப் பெண்ணே சொந்தக் காரில் வந்து கெஞ்சியபோதும் முடியாது என்றுவிட்டாள்.

அந்தக் கட்டுப்பாட்டை நாத்தனாருக்காக உடைத்தாள்.

நாத்தனாரின் கணவருக்கு ரெண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இனிமேல் வண்டி தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி பக்கத்து டவுனில். ரெண்டு பஸ் மாறி, கண் தெரியாத மனிதரைப் படியேற்றி இறக்கி, நாத்தனார் ஓய்ந்துபோனாள். ஒரு சாயங்காலம் பின்வாசல் வழியாக வந்து நின்றாள்.

"யாருக்கும் தெரியக் கூடாது அண்ணி. போர்டு வச்ச உங்க கார்ல நான் உட்கார மாட்டேன். எங்க வண்டிலயே சொல்லிக் குடுங்க."

முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பதினோரு வருஷமாக ஏசிய வாய் தன் அடுப்படியில் நின்று தணிந்து கேட்பதைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. "சரி, காலைல ஏழு மணி, ஏரி ரோடு" என்றாள்.

ஐந்தாம் நாள் அது நடந்தது. ஏரிக்கரையில் ரோடு அகன்று வரும் இடத்தில் வண்டியைத் திருப்பச் சொன்னாள். நாத்தனார் நன்றாகத்தான் ஒடித்தாள். முன்சக்கரம் தண்ணீர்ப் பக்கம் பார்த்ததும், "நிறுத்து" என்றாள் கிளட்ச் அக்கா. நாத்தனார் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி பாய்ந்தது. கிளட்ச் அக்காவின் கால் பழக்கத்தில் தன் பக்கத்துப் பிரேக்கைத் தேடியது. அங்கே வெறும் மிதியடிதான் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுப்பதற்குள் கரையோரக் கல் ஒன்றைச் சாய்த்துக்கொண்டு கார் ஏரிக்குள் இறங்கிவிட்டது.

உடனே முழுகவில்லை. படகு மாதிரி மிதந்தது. அப்புறம் எஞ்சின் கனத்தில் மூக்கு தாழ ஆரம்பித்தது. பாதத்தில் சில்லென்று தண்ணீர்.

நாத்தனார் மடியில் இருந்த போனை எடுத்தாள். "அவருக்கு ஒரு போன்..."

"போனைக் கீழ போடு. பெல்ட்டைக் கழட்டு."

"கதவு..."

"கதவத் தொடாத. தண்ணி வெளியருந்து அழுத்துது, திறக்காது. திறந்தாலும் மொத்தத் தண்ணியும் ஒரேயடியா உள்ள வரும். ஜன்னல இறக்கு."

இதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒருமுறை டிரைவிங் ஸ்கூல்காரர்களுக்கு நடந்த கூட்டத்தில் தீயணைப்பு நிலையத்து ஆபீசர் ஒருவர் பேச வந்தார். மற்றவர்கள் டீ குடிக்க எழுந்து போய்விட்டார்கள். இவள் ஒருத்திதான் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெல்ட், ஜன்னல், வெளியே. ஒரு நிமிஷம்தான் கிடைக்கும் என்று அவர் சொன்னதைக் கோடு போட்டு எழுதியிருந்தாள்.

நாத்தனார் பக்கத்து ஜன்னல் அசையவில்லை. ரிப்பேராகி வருஷம் ஒன்று ஆகிறதாம். கிளட்ச் அக்கா தன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி பாதி இறங்கி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். செத்துப்போன சத்தம்.

பாதி ஜன்னல். அவள் ஒல்லி. உடம்பை வளைத்தால் போய்விடலாம். நாத்தனார் அப்படி இல்லை. ரெண்டு பேருக்குமே அது தெரிந்தது.

"நீங்க போங்க அண்ணி" என்றாள் நாத்தனார். குரல் நடுங்கவில்லை. அதுதான் கிளட்ச் அக்காவை உலுக்கியது.

"பதினோரு வருஷமா என்னைப் போ போன்னுதான் சொல்ற. எப்ப கேட்டிருக்கேன்?"

சொல்லிக்கொண்டே தன் சீட்டில் தலை சாய்க்கிற மெத்தையை உருவினாள். அதன் அடியில் ரெண்டு இரும்புக் கம்பி. ஒரு கம்பியைக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இருந்த இடுக்கில் செருகி, மெத்தையை உடம்போடு சேர்த்து இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. "உன் வண்டியும் உன்னை மாதிரியேதான் இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, காலைக் கதவில் உதைத்து மறுபடி இழுத்தாள். கண்ணாடி கல்கண்டு மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. ஏரி உள்ளே புகுந்தது.

"மூச்ச இழுத்துப் பிடி. என் கையை விடாத."

ஜன்னல் விளிம்பில் ஏறி முதுகு வெளியே போகும்படி நெளிந்தாள். ஒரு கையால் கார் கூரை. மறு கையில் நாத்தனாரின் மணிக்கட்டு. உள்ளே வருகிற தண்ணீர் இருவரையும் திருப்பித் தள்ளியது. உள்ளே நிறைந்து அது தணிந்த நொடியில் இழுத்தாள். தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பு சிக்கியது. கிளட்ச் அக்கா காரின் மேலேயே காலை ஊன்றிப் பிடுங்கினாள். நாத்தனார் வெளியே வந்தாள். கார் அவர்கள் காலடியிலிருந்து நழுவிக் கீழே போனது. கொஞ்ச நேரம் குமிழி வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

நாத்தனாருக்கு நீச்சல் தெரியாது. கிளட்ச் அக்காவுக்கும் அரைகுறைதான். அவளை மல்லாக்கப் போட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு, நாய் மாதிரி காலை அடித்து அடித்து, கோரைப்புல் கையில் தட்டும் வரை போனாள். சேற்றில் முழங்காலிட்டு ரெண்டு பேரும் இருமினார்கள்.

ரோட்டில் டிராக்டர் ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "பொம்பளைங்க வண்டி எடுத்தா இப்படித்தான்" என்றார்.

கிளட்ச் அக்கா வாயிலிருந்த சேற்றைத் துப்பினாள். "உள்ள போனது பொம்பள ஓட்டினதால. சரி. வெளிய வந்தது யாரால? போர்வை இருந்தா குடுங்க, இல்லன்னா கிளம்புங்க." அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கொடுத்தார்.

லைசென்ஸ் ஆபீசில் விசாரித்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை. "ரெண்டாவது பிரேக் இல்லாத வண்டில சொல்லிக் குடுத்தேன். தப்பு என்னோடது. என் வாசலுக்கு அவ வந்துட்டாளேங்கிற பெருமை கண்ண மறைச்சிடுச்சு. தண்டனை குடுங்க, வாங்கிக்கிறேன். மூடிடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, மூட மாட்டேன்." மூன்று மாதம் பாடம் எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் தினமும் காலையில் ஸ்கூல் கதவைத் திறந்து, பெருக்கி, மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர் மறுபடி முன்னறைக்கு வந்தார். "சாகப் பார்த்தீங்க ரெண்டு பேரும். இத்தோட போதும். ஸ்கூலுக்குப் பூட்டப் போடு."

கிளட்ச் அக்கா வாயைத் திறப்பதற்குள், கண்ணாடி கீறிய கையில் கட்டோடு மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்தாள்.

"பெரியண்ணா, பிரேக்குக்குப் பதிலா ஆக்சிலேட்டர மிதிச்சது நான். திருட்டுத்தனமா கத்துக்கணும்னு அடம்பிடிச்சதும் நான். அண்ணி என்னை விட்டுட்டுப் போயிருக்கலாம். போகல. ஸ்கூல மூடிட்டா எங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா? நீங்க வருவீங்களா, வாரம் மூணு நாள்?"

பெரியவர் கூரையைப் பார்த்தார்.

"அப்ப நான் கத்துக்கணும்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று மாதம் முடிந்த மறுநாள் காலை, கடைத்தெரு முழுக்கப் பார்க்க, போர்டு வைத்த காரில் நாத்தனார் ஏறினாள். டெஸ்டில் முதல் தடவை தோற்றாள். ரெண்டாம் தடவையும் தோற்றாள். "மூணாவது இருக்கில்ல" என்றாள். மூன்றாவதில் ஜெயித்தாள்.

இப்போதெல்லாம் அந்த ஸ்கூலில் முதல் நாள் யாரும் கார் ஓட்டுவதில்லை. நிற்கிற காரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, அதன் வழியாகவே வெளியே வர வேண்டும். அப்பாக்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர், "என் பொண்ணு ஜன்னல் வழியா குதிக்கறதெல்லாம் நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். பிடிக்கவில்லை என்றால் வேறு ஸ்கூல் பார்க்கச் சொன்னாள் கிளட்ச் அக்கா. அவர் போனார். பெண் அடுத்த வாரம் தனியாகத் திரும்பி வந்தாள்.

எப்படி என்று செய்து காட்டுவதற்கு நாத்தனார் வருவாள். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில், ஏரியில் போனதற்குப் பதிலாக வாங்கிய பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு. ஜன்னலில் பாதி வந்து இடுப்பு மாட்டியதும் கூட்டத்தில் யாராவது கண்டிப்பாகச் சிரிப்பார்கள். அவள் அப்படியே தொங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிச் சொல்வாள்:

"நல்லா சிரிங்க. அடுத்தது நீங்கதான்."