நான் காட்டிய இடத்தில் தண்ணீர் இல்லை

நிலவியல் படித்து முடித்த வருடம், கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் தூரத்து உறவினர் ஒருவரின் நிலத்தில் போர் போட இடம் காட்டினேன். பூமிக்கடியில் மின்தடையை அளக்க வாடகைக்கு எடுத்த மீட்டர், தரையில் அடிக்க நான்கு இரும்புக் கம்பிகள், ஒரு வரைபடத் தாள். அவ்வளவுதான் என் கையில் இருந்தது. நூற்றைம்பது அடியிலேயே தண்ணீர் பீறிட்டு வந்தது. இது அதிர்ஷ்டமா படிப்பா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். படிப்புதான் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

பிறகு மேலே படித்தேன். ஆராய்ச்சிப் பட்டமும் வாங்கினேன். எங்கள் பக்கத்துப் பூமிக்கடியில் இருப்பது கெட்டியான கருங்கல். தண்ணீர் அந்தக் கல்லில் தங்காது, வெடிப்புகளில்தான் ஓடும். வெடிப்புக்குள் தண்ணீர் இருந்தாலும், வெறும் களிமண் அடைத்திருந்தாலும், மீட்டர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் காட்டும். பத்தடி தள்ளி நின்றால் எல்லாமே மாறிவிடும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள என் பழைய தைரியம் கரைந்துகொண்டே வந்தது. வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தபோது, யாருடைய நிலத்தில் நின்றாலும் உள்ளுக்குள் எதுவும் நிச்சயமாகத் தோன்றவில்லை. வாய் மட்டும் பழைய பழக்கத்தில் நிச்சயமாகப் பேசிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் பள்ளித் தோழி வந்து, தன் நிலத்தில் போர் போட இடம் காட்டச் சொல்லிக் கேட்டாள். பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கணக்கில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. பத்தாவதோடு அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கணவர் இறந்த பிறகு இரண்டு ஏக்கரை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தேன். தாளில் கோடு விழுந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, தண்ணீர் வர வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்று. அவள் பக்கத்தில் நின்றாள்.

"இங்க வருமாடி?"

"வரும். போடு."

அவள் இரண்டு கறவை மாடுகளையும் விற்றுவிட்டு போர் லாரியைக் கூப்பிட்டாள். காலையில் ஆரம்பித்தார்கள். நூறடி, இருநூறு, முந்நூறு. ஈரம் இருந்தால் சேறு வரும். வந்தது சாம்பல் நிறப் புழுதிதான். வேலை செய்தவர்களுக்கு அவள் மோர் கொண்டுவந்து கொடுத்தபடி இருந்தாள். அறுநூறு அடியில் நிறுத்தினார்கள். அவள் முகத்திலும் தலையிலும் புழுதி அப்பியிருந்தது. நானாகவே பாறையைப் பற்றியும் வெடிப்பைப் பற்றியும் கால்மணி நேரம் அவளுக்குப் புரியாத வார்த்தைகளில் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு எட்டு மாதம் அவளைத் தவிர்த்தேன். போன் வந்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னேன். ஒரு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க வந்தவள், எதிர் டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டாள். நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எனக்கும் சேர்த்து அவளே டீ சொன்னாள். பிறகு கேட்டாள்.

"அங்க தண்ணி வராதுன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"வரலாம், வராமலும் போகலாம்னு தெரியும்."

"அத சொல்றதுக்கு இன்னா?"

இவ்வளவு படித்தும் ஒன்றும் தெரியவில்லையே என்று நீ நினைத்துவிடுவாயோ என்று பயந்தேன் என்றேன். சொல்லும்போதே கூச்சமாக இருந்தது.

"தெரியலன்னு சொல்லியிருந்தா நானே யோசிச்சிருப்பேன். போட்டிருந்தாலும் அது என் முடிவு. மாடு போனதுகூட விடு. நீ என்னை யோசிக்கவே விடலயே."

மன்னிப்புக் கேட்டேன். டீயைக் குடித்து முடித்தாள். பஸ் வந்ததும் போய்விட்டாள்.

எங்கள் ஊர் செங்கம் சாலையில் இருக்கும் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள காபிக் கடைகளில், ஞானம் தேடி எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அறிவெல்லாம் கடைசியில் ஒன்றும் தெரியாது என்ற இடத்துக்குத்தான் கொண்டுவிடும் என்பார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த வாரம் முழுக்க எனக்கு அந்தப் பேச்சு எரிச்சலாக இருந்தது. நானும் அதே இடத்துக்குத்தான் வந்திருந்தேன். ஆனால் வந்துவிட்டதை மறைத்து, ஒருத்தியின் நிலத்தில் அறுநூறு அடிக்கு வெறும் குழி தோண்ட வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் நிலத்துக்குப் போனேன். மல்லாட்டை பிடுங்கிப் போட்டிருந்தாள். உட்கார்ந்து நானும் செடியிலிருந்து கடலைக் காய்களை ஆயத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, இந்த இரண்டு ஏக்கரில் வேறு எங்காவது தண்ணீர் இருக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். ஏன் தெரியாது என்பதையும் குச்சியால் மண்ணில் வரைந்து, சாதாரண வார்த்தைகளில் சொன்னேன். அதை அப்படி முழுசாக யாரிடமும் அதற்கு முன்பு நான் சொன்னதில்லை. அவள் குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்ல கேள்விகள். கணக்கு வகுப்பில் கேட்ட மாதிரி.

கடைசியாக நிலத்தின் மூலையில் இருந்த பழைய கிணற்றைக் காட்டினாள். கோடையில் வற்றிவிடும் கிணறு. அளக்கப் போன அன்று நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மழை பேஞ்சா ஏரிக்குத் தண்ணி வர்றதுக்கு முன்னாலயே இதுல ஏறிடுது. ஏன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சேர்ந்து சிரித்தோம்.

அன்றிலிருந்து அவள் வாரம் ஒருமுறை கிணற்றில் டேப் இறக்கி அளந்து, காலண்டரில் எழுதிவைக்கிறாள். முதல் வருடக் கணக்கைப் பார்த்து நான் ஒரு காரணம் சொன்னேன். இரண்டாவது வருட மழையில் அது தப்பாகப் போனது. பயிர் இன்னும் மழையை நம்பித்தான் இருக்கிறது. தண்ணீர் எதையும் நான் அவளுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடவில்லை.

இப்போது இடம் கேட்டு வருகிறவர்களிடம் பாதிக்குப் பாதி என்றால் பாதிக்குப் பாதி என்றே சொல்கிறேன். சிலர் எழுந்து, நிச்சயமாகச் சொல்கிற ஆளைத் தேடிப் போய்விடுகிறார்கள். அவர்களை எனக்குக் குறை சொல்லத் தோன்றுவதில்லை. எவ்வளவு நம்பிக்கையோடு வந்திருப்பார்கள். இருபத்து மூன்று வயதில் எனக்குத் தெரியாமல் இருந்ததும், இப்போது தெரியாமல் இருப்பதும் ஒன்றுதானா என்று சில சமயம் யோசிப்பேன். ஒன்றில்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் வந்தது, தோழியின் நிலத்தில் வரவில்லை என்பதையும் மறைக்க முடியாது.

போன வாரம் தோழி போன் செய்தாள். மழை நன்றாகப் பெய்தும் கிணற்றுத் தண்ணீர் இரண்டடி இறங்கியிருக்கிறதாம். காரணம் கேட்டாள். தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். சாப்பிடாமல் வரச் சொன்னாள்.