லாபம், ரெண்டு, மூணு

வீடியோ வந்த அன்று காலை நான் கொட்டகையில் சாக்குக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தேன். ஃபவுண்டர் சார் காரிலிருந்து இறங்கிய வேகத்தில் கதவைப் படாரென்று அறைந்தார். அந்தக் கதவை எப்படி மெதுவாகச் சாத்துவது என்று எனக்குத் தனியாகப் பாடம் எடுத்தவர் அவர். அதனால் விஷயம் பெரிசு என்று புரிந்தது.

"என்னண்ணே இது?" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

திரையில் எங்கள் தனபாக்கியம். நெல் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, மரக்கால் படியில் அள்ளி, தலை தட்டி, சாக்கில் கொட்டுகிறார். கொட்டும்போது வாய்விட்டு, "லாபம்" என்கிறார். அவ்வளவுதான், வீடியோ முடிந்துவிட்டது. கீழே எழுத்து ஓடுகிறது: ஏழை விவசாயியின் முதல் மரக்கால் யாருக்கு? லாபமாம்!

"நல்லாத்தானே சார் வந்திருக்கு" என்றேன்.

"நல்லாவா? கீழ கமென்ட்டப் படிங்க."

படித்தேன். தனபாக்கியத்தை உள்ளே தூக்கிப் போடவேண்டும் என்று துபாயிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். விவசாயி வயிற்றில் அடித்தவள் என்று இன்னொருவர். அவர் முகப்படத்தில் பிரியாணி இருந்தது.

"சென்னைக் கடையிலிருந்து போன் வந்துடுச்சு. நம்மகிட்ட அரிசி வாங்குறத நிறுத்தி வைக்கிறாங்களாம். நாம யாருண்ணே? லாபம் எங்கள் நோக்கமல்லன்னு செவுத்துலயே எழுதி வச்சிருக்கோம். அந்தச் செவுரு வீடியோவுல பின்னாடி தெரியுது."

உண்மைதான். தனபாக்கியத்தின் தலைக்கு மேலே அது நன்றாகவே தெரிந்தது.

அதற்கு முன்னால் கொஞ்சம்

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் யார் என்று தெரியாது. எட்டாம் வகுப்பு பாதியில் பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். ஆந்திராவில் கதிர் அறுக்கும் மெஷினுக்கு ஹெல்ப்பராகப் போனேன். அங்கே படுக்கை மெஷினுக்கு அடியில், பாம்பு வந்தால் மெஷினுக்கு மேலே. கொச்சியில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். சென்னையில் செக்யூரிட்டி வேலை. நின்றபடி தூங்க அங்கேதான் பழகினேன். கடைசியில் நன்னிலம் பக்கம் இந்தக் கம்பெனிக்கு மூட்டை ஏற்ற வந்தேன்.

கம்பெனி என்று சொன்னால் ஃபவுண்டர் சாருக்குப் பிடிக்காது. சோஷியல் என்டர்பிரைஸ் என்று சொல்லவேண்டும். சுற்றுவட்டாரத்துச் சின்ன விவசாயிகளிடம் தூயமல்லி, கருப்புக் கவுனி மாதிரி நெல்லை நியாயமான விலைக்கு வாங்கி, அரிசியாக்கி, நகரத்துக் கடைகளுக்கு அனுப்புவது வேலை. சேர்ந்த சில வருஷத்தில் படித்தவர்கள் எல்லோரும் மேல்படிப்புக்குப் போய்விட்டதால் என்னை இன்டர்ன்களுக்கு மென்டார் ஆக்கினார்கள். மூட்டையும் நான்தான் தூக்கினேன். சட்டை மட்டும் மாறியது.

இன்டர்ன் என்றால் கல்லூரி லீவில் வேலை பழக வருகிற பிள்ளைகள். ஆரம்பத்தில் வந்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வயலோடு ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். திரும்பி வந்து சர்ட்டிஃபிகேட் கேட்பார்கள். பிறகு சென்னைக் கடைக்காரர்களே பண உதவி செய்து ஸ்டைபெண்டு தர ஆரம்பித்தார்கள். அப்போதுதான் தொல்லை தொடங்கியது. காசு வாங்குகிறோமே என்று கூச்சப்பட்டுச் சிலர் நிஜமாகவே வேலை செய்ய வந்தார்கள்.

யாழினி அந்த ரகம். கோயம்புத்தூரில் படிக்கிற பெண். அடுத்த வருஷ ஹாஸ்டல் ஃபீஸ் இந்த ஸ்டைபெண்டில்தான். டீக்கடையில் நான் காசு கொடுத்தால்கூடத் தடுப்பாள்.

"வாங்குற காசுக்கு நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலண்ணா" என்பாள்.

"நானும்தான் பண்ணல. டீயக் குடி" என்பேன்.

ஃபவுண்டர் சார் அவளுக்குக் கொடுத்த வேலை ஒரே வரி: "இம்பாக்ட் தெரியுற மாதிரி ஒரு கதை புடிச்சிட்டு வா." அவளும் பிடித்துவிட்டாள். அதன் இம்பாக்ட்தான் துபாய் வரைக்கும் தெரிந்தது.

சொல் ஒன்று, பொருள் வேறு

எங்கள் ஊர்ப் பக்கம் நெல் அளக்கும்போது ஒண்ணு என்று தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு லாபம் என்று பெயர். லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று பன்னெண்டு வரை போனால் ஒரு கலம். முதல் வார்த்தையே நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று சொல்கிறார்களோ, ஒண்ணு என்று ஆரம்பித்தால் ஒண்ணோடு நின்றுவிடும் என்ற பயமோ, எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தந்ததில்லை. குழம்பில் உப்புப் போடுகிற மாதிரி, அது பாட்டுக்கு நடக்கும். லாபம் என்ற அந்த மரக்காலும் அதே சாக்குக்குள்தான் விழும். யாரும் மடியில் கட்டிக்கொண்டு போவதில்லை.

எங்களிடம் எலெக்ட்ரானிக் தராசும் உண்டு. விலை அதில்தான். ஆனால் வீட்டில் காயவைத்து வைத்திருந்த நெல்லைப் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் ஃபீஸுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டு வருகிறவர்கள், முதலில் மரக்காலில் அளந்து பார்த்தால்தான் தராசை நம்புவார்கள். அளக்கிறவர் தனபாக்கியம். சேற்றில் கால் வைத்தால் புண் வந்துவிடும் என்பதால் அவர் நடவுக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. இந்த அளக்கிற வேலைதான் அவர் வீட்டு அடுப்பு.

யாழினியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அந்த மரக்கால் நெல்ல யாரு எடுத்துக்கிட்டாங்க?"

"அவங்கதான் லாபம்னு சொன்னாங்களேண்ணா."

"ரெண்டாவது மரக்காலுக்கு என்ன சொன்னாங்க?"

"அதுக்குள்ள நான் கட் பண்ணிட்டேன். இருபது செகண்டுக்கு மேல யாரும் பாக்க மாட்டாங்கண்ணா."

நான் எண்ணிக் காட்டினேன். மூணு வருவதற்குள் அவள் போனைக் கையில் எடுத்துவிட்டாள். உடனே அந்த வீடியோவை நீக்கினாள். அதற்குள் ஊரில் பாதிப் பேர் காப்பி எடுத்து ஏற்றிவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போட்டாள். முதல் வீடியோவை உலகம் பார்த்தது. இரண்டாவதை அவள் அம்மா பார்த்தார். சாப்பிட்டியா என்று கமென்ட் போட்டிருந்தார்.

ஃபவுண்டர் சார் அன்று மத்தியானமே முடிவு எடுத்தார். இனிமேல் தராசு மட்டும். தனபாக்கியம் வர வேண்டாம். கடைக்காரர்கள் நேரில் பார்க்க வருகிறார்கள், அவர்கள் கேட்டு மரக்காலில் அளந்து காட்டவேண்டி வந்தால் கலியண்ணன், அதாவது நான், அளக்கட்டும், ஒண்ணு என்று தொடங்கட்டும். வளாகத்துக்குள் அந்த வார்த்தையே கூடாது.

"எந்த வார்த்தை சார்?"

"அதாண்ணே. அது."

"செவுத்துல இருக்கே சார்."

ஒரு வைக்கோல் போரை நகர்த்திச் சுவரை மறைக்கச் சொன்னார்.

ஒண்ணு காணாமல் போனது

கடையிலிருந்து ஒரு மேடம் வந்தார். கூட ஒரு தம்பி, கையில் கேமராவோடு. மேடத்துக்கு மோர் வைத்தோம். தராசைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "வீடியோவுல இருந்த அளவைத்தான் நாங்க பாக்கணும்" என்றார்.

நான் மரக்காலோடு உட்கார்ந்தேன். நெல் பன்னீர் என்ற விவசாயியுடையது. பன்னீர் அதிகம் பேச மாட்டார், பேசினால் திரும்பப் பெற மாட்டார். நான் முதல் மரக்காலை அள்ளியதும் குனிந்து என் காதில் சொன்னார்.

"கலியா, என் நெல்லுல ஒண்ணுன்னு ஆரம்பிச்ச, மூட்டையத் திருப்பித் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்."

ஃபவுண்டர் சார் எதிரில் நின்று இரு கையையும் கூப்பியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். லாபம் என்றால் மேடம் போவார், ஒண்ணு என்றால் பன்னீர் போவார். கொச்சியில் ஒரு முறை கல்லாவிலும் அடுப்பிலும் ஒரே நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அப்போது செய்ததையே இப்போதும் செய்தேன். வாயை மூடிக்கொண்டேன். முதல் மரக்காலைச் சத்தமில்லாமல் கொட்டிவிட்டு, அடுத்ததை அள்ளிக் கொட்டி, "ரெண்டு" என்றேன்.

மேடம் கையைத் தூக்கினார்.

"ஒண்ணு எங்க?"

ஃபவுண்டர் சார் நகர்த்திய மோர் டம்ளரை மேடம் தொடவில்லை.

"வீடியோவுல அதுக்கு ஒரு பேராவது இருந்துச்சு. இங்க பேரே இல்லாமப் போயிடுச்சே."

கேமராத் தம்பி என் முகத்துக்குக் கிட்டே வந்தான். வாழ்க்கையில் நான் திருடாத பொருளுக்காக மாட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. திருடிய பொருளுக்கு மாட்டியதில்லை, அது வேறு கதை.

யாழினி என் சட்டைப் பையிலிருந்து மொபெட் சாவியை எடுத்தாள். என்னைக் கேட்டு எடுக்கவில்லை. "தனபாக்கியம் அக்கா வீடு எங்கண்ணா, வாய்க்கால் தாண்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கு மொபெட் ஓட்டத் தெரியுமா என்ற யோசனை எனக்கு அவள் போன பிறகுதான் வந்தது.

அங்கே நடந்ததை அவளே பிறகு சொன்னாள். தனபாக்கியம் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாராம்.

"வாங்கம்மா கலெக்டரு. இன்னிக்கு யாரைத் திருடின்னு படம் புடிக்கலாம்னு வந்திருக்கீங்க?"

"தப்பு என்னுதுதாங்கக்கா. மன்னிச்சிடுங்க."

"ஒலகத்துக்கே தண்டோரா போட்டுட்டு எங்கிட்ட வந்து ரகசியமா மன்னிப்புக் கேக்குற. எம் மவ ஆம்பூருல இருக்கா, கடையில வேல. அவ மொதலாளி அந்தப் படத்தக் காட்டி, இது ஒங்கம்மாவான்னு கேட்டிருக்கான்."

யாழினி அழவில்லையாம். மீன் சட்டியை வாங்கி மீதி மீனைக் கழுவினாளாம். தனபாக்கியம் அதைப் பார்த்து, "செதிலோட வச்சிருக்க. எதையும் முழுசா முடிக்க மாட்ட போல" என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாராம். வருவதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். நான் அளக்கிறேன், நீ சாக்கு வாயைப் பிடி, ஒரு கலம் நிறைகிற வரை ஆணி அடித்த மாதிரி நில்.

இருவரும் வந்து சேர்ந்தபோது மொபெட்டின் ஒரு கண்ணாடி இல்லை. அதைப் பற்றி இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு கலம்

தனபாக்கியம் ஃபவுண்டர் சாரைப் பார்க்கவே இல்லை. என்னிடமிருந்து மரக்காலைப் பிடுங்கினார். நான் கொட்டிய இரண்டையும் குவியலில் திருப்பிக் கொட்டச் சொன்னார். யாழினி சாக்கு வாயைப் பிடித்தாள்.

"லாபம்" என்று தனபாக்கியம் போட்ட சத்தத்தில் வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்த சுவருக்குக்கூடக் கேட்டிருக்கும். ஃபவுண்டர் சார் கண்ணை மூடிக்கொண்டார். ரெண்டு, மூணு, நாலு. ஒவ்வொன்றுக்கும் தலை தட்டி, ராகம் போட்டு, பன்னெண்டு வரை நிறுத்தவில்லை. கேமராத் தம்பிக்குக் கை வலித்தது. நடுவில் ஒரு முறை இறக்கினான்.

"தூக்குடா தம்பி. பாதியில இறக்குனதாலதான் இவ்வளவு வெனை" என்றார் தனபாக்கியம்.

பிறகு யாழினியிடம் மரக்காலைக் கொடுத்தார்.

"இப்ப சாக்கக் கவுத்து நீ அள. ஒங்க காலேஜு பாஷையில எண்ணு."

யாழினி உட்கார்ந்து, "ஒன், டூ" என்று எண்ணினாள். கை பழக்கமில்லாததால் பாதி கீழே சிந்தியது. பன்னீர் கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் போட்டார். "ட்வெல்வ்" என்று முடித்தபோது தரையில் நெல் மீதியில்லை.

தனபாக்கியம் மேடத்தைப் பார்த்தார்.

"இவளோட 'ஒன்'னும் என்னோட லாபமும் ஒரே சாக்குலதான் கெடக்கு. வேணும்னா கைய விட்டுத் தேடிப் பாருங்க."

மேடம் சிரித்துவிட்டார். முதல் தடவையாக மோர் டம்ளரைக் கையில் எடுத்தார். அந்தப் பக்கம் பன்னீர், யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "தனபாக்கியம் அளந்தா நெல்லு இங்க. இல்லன்னா மில்லுக்கு." அது அவருடைய அந்த வருஷத்துப் பேச்சு. ஃபவுண்டர் சார் உடனே, "நாளையிலேர்ந்து நீங்கதாங்கக்கா" என்றார்.

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கு நெல்லு கெடக்குல்ல" என்று தனபாக்கியம் அடுத்த குவியலுக்குப் போனார்.

இப்போது

கடை மறுபடி வாங்க ஆரம்பித்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அரிசிப் பையின் மேலேயே லாபம், ரெண்டு, மூணு என்று அச்சடித்து, கொஞ்சம் விலையையும் ஏற்றிவிட்டார்கள். ஃபவுண்டர் சார் இப்போது கூட்டங்களில் அந்த எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசுகிறார். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சொன்னது அவருக்கு ஞாபகமில்லை. வைக்கோல் போரை நான்தான் திரும்ப நகர்த்தினேன்.

யாழினி தன் இன்டர்ன் நாட்கள் முடியும்வரை தினமும் தனபாக்கியத்துக்குச் சாக்கு பிடித்தாள். கடைசி நாள் நான் வாங்கித் தந்த டீயைத் தடுக்கவில்லை. தனபாக்கியம் அவளிடம், கேமராத் தம்பி எடுத்த முழு வீடியோவைத் தன் மகளுக்கு அனுப்பச் சொல்லி, மகள் அதை முதலாளியிடம் காட்டினாள் என்று கேள்வி. அந்த மனிதர் பன்னெண்டு வரை பார்த்தாரா என்று தெரியாது.

நான் ஊர் ஊராகச் சுற்றியவன். எங்கேயும் கொஞ்சம் பார்த்துவிட்டுக் கிளம்புவது என் வழக்கம். அப்படிப் பார்த்ததை வைத்து நிறையப் பேரைப் பற்றி நிறையக் கதை சொல்லியும் இருக்கிறேன். என்னிடம் அப்போது கேமரா இல்லாததால் அவர்கள் பிழைத்தார்கள். வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தர இருப்பது ஒன்றே ஒன்று. ஸ்டைபெண்டு வாங்குவது முதல் மரக்காலைப் பார்ப்பதற்கு இல்லை. அதைச் சும்மாவே பார்க்கலாம். கலம் நிறைகிற வரை நிற்பதற்குத்தான் அந்தக் காசு.

இந்த வருஷப் பிள்ளைகள் போன வாரம் வந்து இறங்கினார்கள். பையும் தொப்பியுமாகச் சுவருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஃபவுண்டர் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லாபம் எங்கள் நோக்கமல்ல" என்று வரவேற்பைத் தொடங்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எத்தனை இலை என்று பார்க்க வந்த தனபாக்கியம், முதலில் நின்ற பையனின் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினார்.

"லாபம்" என்றார். "ரெண்டு. மூணு."