தாஸ் பேர்ல ஏறுன அப்டேட்

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா, வேலை வெட்டி இல்லியான்னு கேட்டுட்டு எழுந்து போற ஆளு நான். நீயும் அப்படித்தான் கேப்ப, தெரியும். ஆனா இது பட்டப்பகல்ல நடந்துச்சு, என் கண்ணால பாத்தேன், அவ்ளோதான்.

தேர்வாய் கண்டிகையில ஒரு பேக்டரி ஆபீசருங்கள கூட்டிக்கினு போய் வர எங்க ஓனரு ஒரு எலக்ட்ரிக் கார் உட்டிருந்தாரு. பகல் ஷிப்டு நானு, ராத்திரி தாஸு. ஸ்கிரீன்ல அவங்கவங்க பேரை அமுக்குனா சீட்டும் சைடு கண்ணாடியும் அவங்கவங்க அளவுக்குத் தானா நகரும். தாஸு ஆறடி ஆளு, நான் குள்ளம், அவன் பேரை அமுக்குனா சீட்டு பின்னாடி போய்க்கினே இருக்கும்.

அந்த தாஸு நெஞ்சு வலியில பொசுக்குன்னு போய்ட்டான். அடக்கம் பண்ண அன்னிக்கு அவன் சம்சாரம் ஸ்டெல்லா, "அண்ணா, அவரு சீட்டை மட்டும் அழிச்சிராதீங்க, ஒரு நாள் வந்து அதுல குந்திப் பாக்கணும்"னு அழுதுச்சு. சரிம்மான்னேன். ஒரு வாரத்துல புது டிரைவரு வந்தான், பழைய பேரை எடுன்னு ஓனரு சொன்னாரு, நானும் எதோ நெனப்புல அழிச்சிட்டேன். அப்புறந்தான் அந்தப் பொண்ணு கேட்டது ஞாபகம் வந்துச்சு. என்னையே செருப்பால அடிச்சிக்கலாம் போல இருந்துச்சு.

ஞாயித்துக்கெழம ஸ்டெல்லா கூப்புட்டுச்சு. மணவாள நகர்ல அதோட ஊட்டு வாசல்ல காரை நிறுத்திப் பூட்டிட்டு உள்ள போய் டீ குடிச்சேன், உண்மையைச் சொல்ல வாய் வரல. ரெண்டு பேரும் வெளிய வந்து காரைத் தொறந்தா ஸ்கிரீன்ல அப்டேட் ஏறிக்கினு இருக்குது. காருக்குன்னே ஒரு சிம் உண்டு, போனுக்கு வர்ற மாதிரி காத்துலயே வரும், ஏறி முடியற வரைக்கும் கார் அசையாது. நிக்கிற நேரத்துல சொல்லிரலாம்னு, "அழிச்சிட்டேம்மா, மன்னிச்சிரு"ன்னேன்.

ஸ்டெல்லா கதவைத் தொறந்து டிரைவர் சீட்டுல குந்திச்சு.

ஸ்கிரீன் கருப்பாகி, திரும்ப எரிஞ்சுது. நம்புனா நம்பு, சீட்டு பின்னாடி போவுது, போய்க்கினே இருக்குது, கண்ணாடி மேல திரும்புது, ஸ்கிரீன்ல தாஸ்னு பேரு. ஸ்டெல்லா அழுதுக்கினே, "இன்னாத்துக்கு அண்ணா பொய் சொன்னீங்க?"ன்னு கேக்குது.

மறுநாள் சர்வீஸ் சென்டருக்கு ஓடுனேன். அங்க இருந்த மேடம் லேப்டாப்புல பாத்துட்டு, "எல்லா காருக்கும் வந்த அப்டேட்தான் சார், ஆனா அழிச்ச பேரு அதுல திரும்பி வராது"ன்னாங்க. நான் ஏத்தவே இல்லியேம்மான்னேன். "தானா ஏறாது சார், டிரைவர் சீட்டுல குந்தி அவங்கவங்க ரகசிய நம்பரைப் போடணும். இதுல போட்டிருக்கறது உங்க நம்பர் இல்ல, தாஸ்னு ஒருத்தரோடது. அவரைக் கேட்டுப் பாருங்க"ன்னு தலையைக்கூட நிமித்தாம சொன்னாங்க.

அப்புறம் மூணு அப்டேட் வந்துருச்சு. நான் ஒண்ணுத்துக்கும் சரின்னு அமுக்கல. ஆனா ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா ஏறி முடிஞ்சிருக்குது. புது டிரைவரு எப்பவோ வேலையை உட்டுட்டுப் போய்ட்டான். காரோட ரெண்டு சாவியும் என்கிட்டதான் இருக்குது.