குண்டு மாமா அனுப்பாத கல்யாணப் பத்திரிகை

குண்டு மாமா,

நீ செத்த பிறகும் உன் போனுக்குச் சார்ஜ் போட்டு நம் பூக்கடையிலேயே வைத்திருக்கிறேன். மாலை வேண்டுமென்றால் திண்டிவனத்து ஜனங்கள் இன்னும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

இன்று காலையில் அதில் ஒருத்தன் பேசினான். "அண்ணி, அண்ணன் வாட்ஸ்அப் நின்னுடும் போலக்குது. இப்ப ஒரு நம்பர் வரும், படிச்சிச் சொல்லுங்க அண்ணி."

அண்ணி என்றானே, உன் கூட்டாளி யாரோ என்று நினைத்துப் படித்துச் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நம்மிடம் பூ வாங்கும் ஓமந்தூர் மேரி கூப்பிட்டாள்.

"இன்னாக்கா, அண்ணன் நம்பர்லருந்து பூக்கடை குரூப்புல கல்யாணப் பத்திரிகை வந்துகினு கீது? யாருக்குக் கல்யாணம், அவருக்கா?"

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. எதிர்க்கடை செல்போன் ரிப்பேர்காரரிடம் ஓடினேன்.

"பத்திரிகை இல்லக்கா, திருட்டு ஆப்பு. காலைல நீங்க படிச்சிச் சொன்ன நம்பர வெச்சி அண்ணன் வாட்ஸ்அப்ப புடிச்சி எவனோ அனுப்புறான். தொட்டவங்க போனும் திருடன் கைக்குப் போயிடும். ஜல்தியா அண்ணன் நம்பர குரூப்லருந்து தூக்குங்க."

உன் கையாலேயே என் போனில் ஆரம்பித்துக் கொடுத்த குரூப். வாடிக்கை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

உன் பேரை அழுத்தினேன். நீக்கவா என்று கேட்டது. நீக்கினேன். உன்னை நான் நீக்கியதாக ஒரு வரி விழுந்தது.

அதன் கீழே குரூப்பில் எழுதிப் போட்டேன்: பத்திரிகை வந்தவர்கள் யாரும் திறக்காதீர்கள். எங்கள் வீட்டில் கல்யாணம் எதுவும் இல்லை.

மாமா, நீயாக இருந்தால் என் பேரை அழுத்தியிருப்பாயா?