சேவியரின் பிடி அரிசி

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறு மதியம். சாப்பிட்டுவிட்டுப் பாயை விரிக்கிற நேரம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

திறந்தால் ரோசி. எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். ஒரு கையில் கோயிலில் கொடுத்த குருத்தோலை. இன்னொரு கையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் — கழுத்து வரைக்கும் அரிசி.

"அண்ணா, இத்த கோயில்ல வாங்கல. நீங்க ஹோமுக்குப் போறப்ப எட்துகினு போய் குட்த்துடுங்க. அவருகிட்ட கோயில்ல குட்த்தாச்சுன்னு சொல்லிட்டேன். கேட்டா நீங்களும் அப்டியே சொல்லுங்க."

பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. கோபமும் இல்லை. அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

கோயிலில் ஏன் வாங்கவில்லை? காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு பூசையில் வழக்கமாக எடுக்கும் காணிக்கை கோயில் செலவுக்கு. சில ஞாயிறுகளில் அதற்கு மேல் ஸ்பெஷலாக இன்னொன்று எடுப்பார்கள் — எங்கேயாவது வெள்ளம், யாருக்காவது ஆபரேஷன், ஏதாவது ஒரு அனாதை இல்லம். எதற்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அறிவித்ததற்கு மட்டும்தான் அதைச் செலவழிக்க வேண்டும். கறாரான சட்டம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம். போன வருஷம் வரை அந்த நாட்களில் எங்கள் பம்மல் பங்கில் — பங்கு என்றால் ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரம் — எடுத்தது பணம் இல்லை, பிடி அரிசி. தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சேர்ந்ததைக் குருத்து ஞாயிறன்று கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் இருக்கிற சாக்கில் கொட்ட வேண்டும். மூட்டைகள் செம்பாக்கம் ஏரிப் பக்கம் இருக்கிற முதியோர் இல்லத்துக்குப் போகும். ரோசி சொன்ன ஹோம் அதுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஜாதகம் தெரியும். ஆறாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. லாரி கிளீனர், கல்யாணச் சமையலில் கையாள், பெயின்ட் வேலை, செருப்புக் கம்பெனி வாட்ச்மேன்... ஒரு வருஷத்துக்கு மேல் எங்கேயும் கால் தரித்ததில்லை. போன வருஷம் அந்த இல்லத்தின் அடுப்படியில் எட்டு மாதம் இருந்தேன். இப்போதும் ஆள் வராத நாளில் கூப்பிடுவார்கள், போவேன்.

அந்த அரிசியை ஆக்கினவன் நான். அதனால் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் பொன்னி. ஒரு வீட்டில் பச்சரிசி. இன்னொரு வீட்டில் இட்லி அரிசி. பாதி வீட்டில் ரேஷன் அரிசி — கிலோ இரண்டு ரூபாய் ஆன பிறகு அது கூடிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் பிரியாணிக்கு வாங்கிய பாசுமதி. எல்லாம் ஒரே சாக்கில். பச்சரிசி குழைந்து களியாகும்போது இட்லி அரிசி கடக் கடக்கென்று நிற்கும். அது வேகட்டும் என்று விட்டால் மற்றது அடிப்பிடிக்கும். வண்டு வந்த அரிசியை ஒழிக்க இதுதான் வழி என்று நினைத்தவர்களும் உண்டு.

அதைத் தின்றவர்களுக்குப் பல் கிடையாது. முழுங்கிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பார்கள். போன வருஷம் ஒரு பெரியவரை ஜி.எச்.சுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு ஃபாதரைப் பார்த்தேன். எங்கள் பங்குத்தந்தை சின்ன வயதுக்காரர், காது கொடுத்துக் கேட்பார். சொன்னேன்: "அரிசி வேணாம் ஃபாதர். காசா வாங்குங்க. ஒரே ரகமா மூட்டை வாங்கிப் போட்ரலாம்."

அவர் கேட்டார். அடுத்த ஞாயிறு பூசையில் அறிவித்தார். இனி பிடி அரிசி இல்லை. வீட்டுக்கு ஒரு கவர் வரும். முடிந்ததைப் போட்டு, குருத்து ஞாயிறன்று பெட்டியில் சேர்க்கலாம். "அனுபவஸ்தர் ஒருத்தர் எடுத்துச் சொன்னார்" என்று பொதுவாகச் சொன்னார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஆறாவது படித்தவன் பேச்சு பீடம் வரைக்கும் போயிருக்கிறதே...

நான் சொன்னது தப்பா? இல்லை. கவரில் வந்த காசில் இல்லத்துக்கு ஒரே ரக அரிசி போனது. இப்போது ஒழுங்காக வேகிறது. யாரும் சுருண்டு படுப்பதில்லை.

ஆனால் ரோசியின் பாட்டில் என் கையில் இருந்ததே.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ரோசியின் புருஷன் சேவியர் தோல் பதனிடும் ஷெட்டில் இருபது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். விரல் நகமெல்லாம் சுண்ணாம்பு தின்று பாதிதான் இருக்கும். ஷெட்டை மூடினார்கள். நெஞ்சு கெட்டது. ஆறு மாதமாகப் படுக்கை. ரோசி கையுறை தைக்கிற பட்டறைக்குப் போகிறாள். இரண்டு வருஷமாக, பங்கில் மாதாமாதம் அரிசி வாங்குகிற ஏழைகள் லிஸ்டில் அவர்கள் பெயர் இருக்கிறது.

சேவியர் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே சந்தில் நின்று ரோசியைக் கேட்டேன்.

"அரிசி இல்லன்னு பூசையில சொன்னாங்களேம்மா. தெரியாதா?"

"தெரியும். எல்லா வூட்டுக்கும் கவர் குட்த்தாங்க. எங்க வூட்ட தாண்டிகினு போய்ட்டாங்க."

"யாரு?"

"ஃபிலோ டீச்சர்தான். பாவம், அவங்க நல்ல மாரி நெனச்சிதான் போயிருப்பாங்க. வாங்கறவங்ககிட்ட எப்டி கேக்கறதுன்னு."

ஃபிலோமினா டீச்சர் கோயில் சார்பில் எங்கள் தெருவுக்குப் பொறுப்பாளர். ரிட்டயர்டு. நல்ல மனுஷி. அதில் சந்தேகமே இல்லை.

"அப்புறம் ஏம்மா சேத்தே?"

ரோசி உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நா சேக்கலண்ணா. அவரு சேக்கறாரு. காலைல உல வெக்கறப்போ அரிசிய அவராண்ட எட்துனு போவேன். ஒரு பிடி அள்ளி பாட்டில்ல போடுவாரு. நாள் முச்சூடும் அவர் செய்ற வேல அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நாந்தான் அவருக்கு செய்றேன். எப்டி நிறுத்த சொல்றது?"

நானும் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"மொத வாரம் நல்லா நெறையா வரும். போன வாரம் கை மூடவே இல்ல. விரல் சந்துல ஒழுகிடுச்சு. நா கொஞ்சம் சேத்து போட்லாம்னு பாத்தேன். கண்டுபுட்ச்சிடுவாரு. படுத்துகினு பாட்டிலயேதான் பாத்துனு கெடப்பாரு."

அன்று காலை கோயிலில் நடந்ததையும் சொன்னாள். பீடத்துக்கு முன்னால் சாக்கு இல்லை. மரப்பெட்டி. மேலே கவர் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. வரிசையில் நின்று, பெட்டி வரைக்கும் போய்விட்டாள். பக்கத்தில் ஃபிலோ டீச்சர்.

"டீச்சர் இன்னா சொன்னாங்க?"

"'நீ ஏம்மா ரோசி இதெல்லாம் கொண்டுவரே, வீட்ல ஆக்கிச் சாப்பிடுங்க'ன்னாங்க. மொள்ளமாத்தான் சொன்னாங்க. பின்னாடி நின்னவங்களுக்கு கேட்டுச்சு."

வீட்டில் ஆக்கிச் சாப்பிடு. இதைவிட அன்பாக ஒருவரை வெளியே அனுப்ப முடியுமா?

மறுநாள் பாட்டிலோடு கிளம்பினேன். பல்லாவரம், தாம்பரம், செம்பாக்கம் — மூன்று வண்டி மாற வேண்டும். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் "அரிசிய எதுக்கு சார் பாட்டில்ல?" என்றார். தாம்பரம் வருவதற்குள் அவர் செல்போனுக்குப் போய்விட்டார்.

இல்லத்தில் சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டினார். அறுபது பேருக்குச் சோறு வேகிற அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பானை வைத்தேன். ரேஷன் அரிசிதான், மொத்தையான அரிசி. ஆனால் ஒரே வீட்டு அரிசி. கல் பொறுக்கிய அரிசி. எல்லாப் பருக்கையும் ஒன்றாக வெந்தது. நான் ஃபாதரிடம் அடித்துச் சொன்ன எதுவும் இந்தப் பாட்டிலுக்குப் பொருந்தவில்லை.

கஞ்சியாகக் கரைத்து, சோறு இறங்காத பன்னிரண்டு பேருக்கு ஊற்றினேன். தனம்மா என்று ஒரு கிழவி, வாய்த்துடுக்கு. நான் அங்கே இருந்த எட்டு மாதமும் என் சமையலைத் திட்டியே உயிர் வாழ்ந்தவள். ஒரு டம்ளர் குடித்துவிட்டு நீட்டினாள்.

"இன்னாடா இது, கஞ்சி கஞ்சி மாரி கீது? நீயா ஆக்கின?"

"நான்தான்."

"நம்ப முடியல. இன்னொண்ணு ஊத்து."

அந்த வாரமே, பெரிய வியாழனன்று சேவியரைப் பார்க்கப் போனேன். ரோசி பட்டறைக்குப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டது நலம் விசாரிப்பு இல்லை.

"மச்சான்... அரிசி ஹோமுக்குப் போச்சா?"

"போச்சு மச்சான்."

"யாரு துன்னாங்க?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை காணிக்கையில் எத்தனை பேர் போட்டிருப்பார்கள்... யார் தின்றார்கள் என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தனம்மான்னு ஒரு கெழவி. ரெண்டு டம்ளர்."

"பல்லு கீதா அதுக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"வெந்துச்சா?"

"நல்லா வெந்துச்சு."

மூச்சு வாங்கினார். வாங்கி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"ரேஷன் அரிசிதான். ரோசி கல்லு பொறுக்கிடுவா," என்றார்.

ஈஸ்டர் முடிந்து ஃபாதரிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நீங்கதானே சொன்னீங்க, மிக்ஸ் ஆனா வேகாதுன்னு?" குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"நான்தான் சொன்னேன் ஃபாதர். ரகத்துக்கு ஒரு சாக்கு வெச்சிருந்தா போதும். நாலு சாக்கு. அப்ப எனக்குத் தோணல."

ஏன் தோன்றவில்லை? தின்கிறவர்களின் வயிற்றை மட்டும் நினைத்தேன். போடுகிறவர்களின் கை என் கண்ணில் படவே இல்லை. காணிக்கை என்பது இல்லாதவர்களுக்கு இருப்பவர்கள் தருவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானே பல ஊரில் பல கோயிலில் வாங்கித் தின்றவன். எனக்கே அது தெரியவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது?

"நெக்ஸ்ட் இயர் நாலு சாக்கு வெச்சிடலாம்," என்றார் ஃபாதர். வைத்துவிடுவார். வார்த்தை தவறாதவர்.

சேவியர் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த அடுத்த வாரம், புதன்கிழமை காலை. உலை வைக்க ரோசி அரிசியைக் கொண்டுபோனபோது கை வரவில்லை. தவக்காலம் முடிந்த பிறகும் அவர் அள்ளிப் போடுவதை நிறுத்தியிருக்கவில்லை. இன்னொரு பாட்டிலில் நாலு விரல் உயரம் அரிசி இருந்தது. சவப்பெட்டியில் ஜெபமாலை சுற்றியிருந்த கையைப் பார்த்தேன். கழுவியிருந்தார்கள். நகத்தில் சுண்ணாம்பு வெள்ளை மட்டும் போகவில்லை.

போன ஞாயிறு பூசையில் ஃபாதர் அறிவித்தார். இரண்டாவது காணிக்கை ரோசியின் குடும்பத்துக்கு. கூடை பிடிக்கிறவர்களில் ஒருவர் வரவில்லை. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில் பிள்ளை ஒரு கூடையை என் கையில் திணித்துப் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

ஒவ்வொரு வரிசையாக நீட்டிக்கொண்டே போனேன். நன்றாகவே போட்டார்கள். ஃபிலோ டீச்சர் மடித்த நோட்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் ரோசி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இவ்வளவும் தெரிந்த நான்... கூடையைச் சட்டென்று நெஞ்சோடு இழுத்து, அவளைத் தாண்டி, அடுத்த பெண்ணிடம் நீட்டினேன்.

கூடை நகரவில்லை. ரோசி விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"இன்னாண்ணா, தாண்டிகினு போறீங்க?" பாட்டுச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"இது உனக்குத்தான் எடுக்கறதும்மா..."

"தெரியும்."

ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடியே, மடியில் இருந்த கர்ச்சீப்பின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். காசைப் போட்டாள். பிறகுதான் விட்டாள்.

மீதி இருந்த ஏழு வரிசையில் நான் யாரையும் தாண்டவில்லை.